பாப்பாவின் தாளும் என் தாளும்

ஜூன் 24, 2024, திங்கள்

பெரியாஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர மணி இரண்டாகிவிட்டது. வந்ததும் என் மகள் பாப்பா குளிக்கப் போய்விட்டாள். எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் இதை எழுதிவிடலாம்.

அவளுக்கு ஓ.சி.டி. என்று போன மாதம்தான் சொன்னார்கள். வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய். எட்டாவது படிக்கிறாள். அப்போது பத்துக் கேள்வி கேட்டு, நாற்பதுக்கு 26 என்று போட்டார்கள். வேண்டாத எண்ணம் ஒரு நாளில் எவ்வளவு நேரம் வருகிறது, அதற்காகத் திரும்பத் திரும்ப எதையாவது செய்வதில் எவ்வளவு நேரம் போகிறது, அடக்க முடிகிறதா என்று கேட்கிற கேள்விகள். சி-ஒய்-பாக்ஸ் என்கிறார்கள்.

இன்றைக்குக் கொடுத்த தாள் வேறு. நோய் எவ்வளவு என்று இது கேட்கவில்லை. நோயால் பிள்ளையின் அன்றாடம் எவ்வளவு கெடுகிறது என்று கேட்கிறது. மொத்தம் 33 கேள்வி. போன ஒரு மாதத்தை நினைத்து, சிரமமே இல்லை என்றால் 0, மிக அதிகம் என்றால் 3, நடுவில் 1, 2. கலிபோர்னியாவில் ஜான் பியாசென்டினி என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 2007-இல் திருத்தி வெளியிட்டதாம். பெற்றோருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. சைக்காலஜிஸ்ட் மேடம் ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்ல, நான் முதலில், பாப்பா அப்புறம், தனித்தனியாக நிரப்பினோம்.

என் தாளில் 21. அவள் தாளில் 41.

ஜூன் 26, புதன்

இரண்டு நாளாக அந்த 41 மனதை விட்டுப் போகவில்லை. பெற்றவள் நான், கூடவே இருக்கிறேன். எனக்குத் தெரியாமல் அவளுக்கு இன்னும் இருபது எங்கே இருந்தது?

இரண்டு தாள்களின் நகலையும் வாங்கி வந்திருந்தேன். பாப்பாவைக் கேட்டேன், பார்க்கலாம் என்றாள். வகுப்பில் கவனம் என்ற வரியில் நான் 0 போட்டிருக்கிறேன், அவள் 3. அந்தப் பள்ளியிலிருந்து இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று போன வருஷம் பாராட்டினார்கள். உறவினர் வீடு என்ற வரியிலும் நான் 0. நாங்கள் போவதே இல்லை, அதனால் சிரமம் இல்லை என்று நினைத்துவிட்டேன். ஏற்காட்டில் என் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பாப்பா அங்கே 3 போட்டு, பேனாவால் அழுத்தி வட்டமும் போட்டிருக்கிறாள்.

ஜூலை 1, திங்கள்

மேடத்திடம் இரண்டு தாளையும் காட்டி, யார் போட்டது சரி என்று கேட்டேன். இரண்டுமே வேண்டும் என்றார். பள்ளியிலும் மனதுக்குள்ளும் நடப்பது பிள்ளைக்குத்தான் தெரியும். வீட்டில் காலையில் கிளம்புவதும் குளிப்பதும் எப்படி நடக்கிறது என்று பிள்ளைக்கே பல சமயம் உறைக்காது, அதைப் பெற்றவர்தான் பார்க்கிறார். ஓ.சி.டி. உள்ள பிள்ளைகளில் அதிகம் அடிபடுவது வகுப்பில் கவனமும் வீட்டுப்பாடமும்தான் என்றும் சொன்னார்.

அப்புறம் என் தாளை எடுத்தார். "உடுத்துறதுக்கு ஒண்ணு போட்டிருக்கீங்களே, காலையில யார் துணி எடுத்துக் கொடுக்கிறது?" நான்தான். "குளிக்கும்போது?" வெளியே நின்று எத்தனை சொம்பு ஊற்றினாள் என்று நான் எண்ணிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்குவாள். "அப்பா?" அவருக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஆசிட் நெடியோடு வருகிறார் என்று பாப்பாவுக்குப் பயம். அதனால் பின்வாசல் வழியாக வந்து, இரண்டு தடவை குளித்து, தனியாகச் சாப்பிடுகிறார். ஒரு வருஷமாக இப்படித்தான்.

"இதெல்லாம் நீங்க ஒரு நாள் செய்யலைன்னா என்ன ஆகும்மா? அதை நினைச்சு நம்பர் போடுங்க."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் தாங்கிப் பிடித்த இடத்திலெல்லாம் அவளுக்குச் சிரமமில்லை என்று எழுதியிருக்கிறேன். பாசத்தில் செய்ததுதான். ஆனால் அவள் நாளின் ஒரு பாதியை நானே மறைத்து வைத்திருந்திருக்கிறேன். வீட்டார் இப்படி நோய்க்கு வளைந்து கொடுப்பதை அளக்கவே தனியாக ஒரு கேள்வித்தாள் இருக்கிறதாம். அதையும் நிரப்பிக் கொடுத்தேன். அதில் கூச்சப்படாமல் உண்மையை எழுதினேன்.

ஜூலை 3, புதன்

இன்று அவள் தமிழ் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உதவி செய்யவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான்.

"தமிழர் வாழ்வில்" என்று தொடங்கும் ஒரு வரி. முதல் ழ-வின் சுழி அவளுக்குச் சரியாக வரவில்லை. எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. அழித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். ஆறாவது தடவையில் தாள் மெலிந்து பின்பக்க எழுத்து தெரிந்தது. ஒன்பதாவது தடவை கிழிந்தது. பக்கத்தையே கிழித்து எடுத்துவிட்டு மேலிருந்து ஆரம்பித்தாள். ஒரு வரிக்கு 25 நிமிஷம். "சரியா வந்த மாதிரி இல்லம்மா" என்றாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

போன பரிட்சையில் இரண்டு பெரிய கேள்வியை எழுதாமல் விட்டதற்குப் படிக்கவில்லை என்று நான் திட்டினேன். எழுதிய மூன்று கேள்வி அச்சு மாதிரி இருந்தது. நேரம் எங்கே போனது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜூலை 9, செவ்வாய்

சிகிச்சை தொடங்கிவிட்டது. மாத்திரை காலையில் ஒன்று. வாரம் ஒரு நாள் மேடத்திடம். பயப்படுவதைச் சின்னதிலிருந்து பெரியது வரை படியாக எழுதி, ஒவ்வொரு படியிலும் பயத்தோடு நிற்பது, ஆனால் வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருப்பது. எனக்கும் அவள் அப்பாவுக்கும் வேலை உண்டு, படிப்படியாகக் கையை விலக்குவது. ஒரேயடியாக விலக்கினால் பிள்ளை தாங்காது என்றார் மேடம்.

பக்கத்து வீட்டு அக்கா, இதை ஏன் ஊருக்குச் சொல்கிறாய் என்றார். சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம், டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

ஜூலை 20, சனி

ஏற்காடு. தங்கை வீட்டில் ஒரு ராத்திரி தங்குவதுதான் இந்த வாரப் படி. இதைத் தேர்ந்தெடுத்தது பாப்பாவேதான்.

அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் 20. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. பாப்பா ஒவ்வொன்றையும் வாசித்தாக வேண்டும். மேலே ஏற ஏற மேகம் இறங்கிவிட்டது. பதினாலாவது வளைவில் எதிரே வந்த லாரி பலகையை மறைத்தது.

என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அம்மா, பதினாலு வந்துச்சா?"

இதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று மூன்று பேரும் பேசி வைத்திருந்தோம். "கஷ்டமா இருக்குதுன்னு தெரியுது கண்ணு. பதில் மட்டும் சொல்ல மாட்டேன்." அவள் நகம் என் தோலில் பதிந்தது. பதினைந்து, பதினாறு. இன்னும் இரண்டு தடவை கேட்டாள். பதினெட்டாவது வளைவுப் பக்கம் பிடி கொஞ்சம் தளர்ந்தது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் அவள் முகம் வெளுத்துத்தான் இருந்தது. இறங்கினாள், அது போதும்.

தங்கை வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ரைட்டர். வீட்டைச் சுற்றிக் காப்பிச் செடி, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி. சாயங்காலம் பாப்பா 50 நிமிஷம் குளித்தாள். சொம்பு எண்ண யாரும் நிற்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழித்து, என் பக்கம் திரும்பி, ஒன்றும் கேட்காமல் மறுபடி படுத்தாள். நான் தூங்குகிற மாதிரியே இருந்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இரண்டாவது தடவை அளந்தார்கள். சி-ஒய்-பாக்ஸ் 26-லிருந்து 21. பாப்பாவின் தாள் 41-லிருந்து 35. என் தாள் 21-லிருந்து 34.

கூட்டிப் பார்த்ததும் பயந்துவிட்டேன். மேடம் பயப்படவில்லை. நான் விலகியதால் வெளியே வந்த சிரமம் இது, முன்பே இருந்ததுதான் என்றார். இப்போது இருவர் எண்ணும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன. ஒரே பிள்ளையைத்தான் இரண்டு பேரும் பார்க்கிறோம் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. பரிட்சையில் கூடுதல் நேரம் கேட்டுப் பள்ளிக்குக் கடிதமும் கொடுத்தார்.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று அவர் பட்டறையிலிருந்து முன்வாசல் வழியாக வந்தார். சட்டை மாற்றி, கைகால் கழுவி, ஒரே ஒரு தடவை, கூடத்தில் உட்கார்ந்தார். பாப்பா தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு பாய் அகலம். இரண்டு தோசை சாப்பிட்டாள், மூன்றாவதை வைத்துவிட்டு எழுந்தாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். கை மட்டும் நடுங்கியது.

அடுத்த மாதத் தாளுக்காக நோட்டில் குறித்து வைக்கிறேன். வீட்டாரோடு சாப்பிடுவது: 1 போடலாமா என்று யோசித்தேன். 2 போட்டிருக்கிறேன்.