அப்புச்சியின் மீசை

வியாழக்கிழமை அப்புச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெத்தவருக்கு, திதி. சுவரில் இருக்கும் படத்தைக் கரையான் அரித்து காது வரைக்கும் வந்துவிட்டது. "நீதான் பிரிண்டர் வச்சிருக்கறயே கண்ணு" என்று அமுச்சி சொன்னதோடு என் ஞாயிற்றுக்கிழமை போச்சு.

கருப்பு வெள்ளைப் படம்தானே, கால் மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன். ஸ்கேன் செய்து, இருப்பதிலேயே பளபளப்பான கிளாஸி தாளில் அடித்து, டியூப்லைட்டுக்கு அடியில் நீட்டினேன்.

"என்ன கண்ணு, அவிய பாசி புடிச்ச கெணத்துப் படியாட்டம் இருக்கறாங்க?"

நிஜமாகவே பச்சை. வாசலுக்குக் கொண்டுபோனால் கத்திரிக்காய் நிறம். உள்ளே வந்தால் மறுபடி பாசி. நான்கு தடவை நடந்திருப்பேன். "அப்பளம் காயப் போடறீங்களா தம்பி?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டுவிட்டார்.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் இருக்கும் மாமன் மகனுக்குப் போன் போட்டேன். முடிக்கவே விடவில்லை. "மெட்டாமெரிசம் மச்சா." துணியை லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்களாம். ஒன்றில் சேர்ந்த நிறம் இன்னொன்றில் பிரிந்தால் பையர் லாட்டையே திருப்பி அனுப்பிவிடுவானாம். ஐயாயிரம் டீஷர்ட்டை நானே கெடுத்தது போலப் பேசினான்.

அவன் சொன்ன பிறகுதான் உறைத்தது. என் பிரிண்டரில் கருப்பு மட்டும் கரையாத தூள் கலந்த பிக்மென்ட் மை, மற்ற மூன்றும் கரைந்த சாயமான டை. கிளாஸி என்று தேர்ந்தெடுத்தால் அது கருப்பை மூடி வைத்துவிட்டு, நீலம், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் குழைத்துத்தான் சாம்பலும் கருப்பும் உண்டாக்குகிறது. ஊரே கருப்பண்ணன் என்று கூப்பிட்ட மனுசர். படத்தில் ஒரு சொட்டுக் கருப்பு இல்லை!

விடுவேனா? அதே கிளாஸி தாளை வைத்து, சாதாத் தாள், கிரேஸ்கேல் என்று பிரிண்டரிடம் பொய் சொன்னேன். வெறும் கருப்பு மையில் வந்தது பாருங்கள், அப்படியே அப்புச்சி. பச்சையும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. அமுச்சி கையில் கொடுத்தேன். ஆசையாகக் கன்னத்தைத் தடவியது. பாதி மீசை அமுச்சியின் கட்டைவிரலோடு வந்துவிட்டது. பிக்மென்ட் மை கிளாஸி பூச்சுக்குள் இறங்காதாம், மேலேயே உட்கார்ந்திருக்குமாம். நமக்கு யார் சொன்னார்கள்?

நூறு சதம் பஞ்சில் செய்த, பளபளப்பில்லாத, 300 ஜிஎஸ்எம் கனமுள்ள மேட் தாளை வாங்கச் சொன்னான் மாமன் மகன். விலையைப் பார்த்தேன். சுத்துப்பட்டெல்லாம் பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற சீமையில், பஞ்சுத் தாளுக்குப் பட்டுச்சேலை விலையா? அவிநாசியில் சாதாரண மேட் தாள் வாங்கிவந்து அடித்தேன். உற்றுப் பார்த்தால் கொஞ்சம் புள்ளி தெரிகிறது. யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? ஃபிரேம் போட்டு மாட்டியாயிற்று.

கெட்டுப்போன படத்தைக் கிழிக்கப் போனேன். அமுச்சி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

"கண்ணாலத்தப்ப அவியளுக்கு மீசையே மொளைக்கல. இன்னும் பாதி இருக்குது பாரு, அதையுந் தொடச்சுக் குடு சாமி."