அசையாத புள்ளி

"வலப்பக்கம் டிராபிக், வேற விமானம், தெரியுதா தம்பி?" என்றார் எனக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்றுநர். தேடினேன், ஒன்றுமில்லை. தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டிப் பார்க்கச் சொன்னார். கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் சோற்றுப் பருக்கை அளவில் எங்களுடையதைப் போலவே இன்னொரு செஸ்னா சிறு விமானம். வலமிருந்து வருபவருக்கே முதல் வழி என்பதால், விமானத்தை வலப்பக்கம் திருப்பி அதன் வாலுக்குப் பின்னால் போனார்.

"வெளியேதானே சார் பார்த்துக்கிட்டிருந்தேன்?"

"பார்த்தே, சரி. அது கண்ணாடியில நகர்ந்துச்சா?"

நகரவில்லை. அங்கேதான் சிக்கல். நேர்கோட்டில் மோத வருகிற விமானம் ஒரே இடத்தில் நின்றபடி இருந்து, கடைசி நொடிகளில்தான் குபுக்கென்று பெரிதாகும். நம் கண்ணோ அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும்.

விடுமுறைக்குக் கானாடுகாத்தான் வந்தபோதும் இதே நினைப்பு. செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் கிடக்கும் உலகப் போர்க் காலத்து ஓடுதளத்தைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பறக்கும் ஆசையே வந்தது. அதை விடுங்கள். தினமும் மொட்டை மாடியில் வானத்தைத் துழாவும் பயிற்சி. கையை நீட்டி விரல்களை மடக்கினால், முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. ஒரு முட்டி அகலத்தில் ஒரு நொடியாவது கண்ணை நிறுத்தணும், அப்புறம் அடுத்தது. சர்ரென்று ஓட்டினால் கண் எதையும் பதிவு செய்யாது. வெறும் வானத்தை முறைத்தாலும் பயனில்லை. பிடிமானம் இல்லாத கண் ஓரிரு மீட்டர் தூரத்திலேயே குவிந்து நின்றுவிடும். அதனால் அவ்வப்போது தூரத்து செல்போன் டவரைப் பார்த்துவிட்டு வானத்துக்குத் திரும்பினேன்.

வத்தல் காயப்போட வந்த அப்பத்தா, "வானத்துல என்னப்பா எண்ணிக்கிட்டிருக்க?" என்றார். வட்டமடிக்கும் பருந்துகள் உடனே சிக்கின. நேரே வருவதுதான் தலைக்கு மேல் வந்தபிறகே தெரிந்தது.

கண்ணில் பட்டு, புரிந்து, முடிவெடுத்து, விமானம் திரும்ப 12.5 நொடி என்பது அமெரிக்க விமானத் துறையின் கணக்கு. தலா 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர்) வேகத்தில் இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்தால், அதற்குள் சுமார் 1.3 கிலோமீட்டர் இடைவெளி கரைந்துவிடும். இதைப் போட்டுப் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை.

திரும்பிப் போய்ப் பறந்த முதல் நாள், சட்டத்தைத் தாண்டிப் பார்க்கத் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலி. ஆனால் இரண்டு விமானங்களைப் பயிற்றுநர் சொல்வதற்கு முன்பே நானே சொன்னேன். மூன்றாவது அசையவே இல்லை. பதறிப்போய்க் கத்தினேன்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சி.