800 எந்த 800? ஒரு அப்கிரேட் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 12, 2024, திங்கள்

காலை மீட்டிங்கில் மேனேஜர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தீபாவளிக்கு முன்னாடி முடிஞ்சிடும்ல?" இந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 31. நாங்கள் பஸ் டிக்கெட் விற்கிறவர்கள். ஊருக்குப் போகிற கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் ஆப்பைத் திறக்கும் நாட்களில், எந்த சர்வீஸ் திணறுகிறது என்று காட்டும் கருவியே பழுதாகிக் கிடந்தால் அவ்வளவுதான். முடிஞ்சிடும் சார் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்: ஜாவா சர்வீஸ்கள் மட்டும் 23.

எல்லாவற்றிலும், சர்வீஸுக்குள்ளேயே உட்கார்ந்து அது எப்படி ஓடுகிறது என்று அளந்து அனுப்பும் ஓப்பன்டெலிமெட்ரி ஏஜென்ட் 1.32 ஓடுகிறது. அது அனுப்புவதை வாங்கி, சலித்து, சேமிப்புக்குத் தள்ளும் கலெக்டர் 0.98. ஏஜென்ட்டை 2-ஆம் வரிசைக்கும் கலெக்டரை 0.105-க்கும் ஏற்ற வேண்டும். ஏஜென்ட் 2.0 ஜனவரியிலேயே வந்துவிட்டது. என்னென்ன உடையும் என்று வெளியீட்டுக் குறிப்பில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். தள்ளிப்போட்டது நாங்கள்தான்.

ஆகஸ்ட் 14, புதன்

முதலில் ஸ்டேஜிங்கில் (சோதனைச் சூழலில்) கலெக்டரை மட்டும் மாற்றினேன். ஐந்து நிமிஷத்தில் எல்லா சர்வீஸும் இணைப்பு மறுக்கப்பட்டது என்று கத்த ஆரம்பித்தன. கலெக்டரோ ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கிறது, லாகில் ஒரு பிழை கிடையாது.

விஷயம் இதுதான். முகவரி எதுவும் எழுதாமல் விட்டால், பழைய கலெக்டர் 0.0.0.0-இல் உட்காரும், அதாவது யார் வந்தாலும் கதவு திறக்கும். 0.104-இலிருந்து லோக்கல்ஹோஸ்டில் உட்காருகிறது. பாதுகாப்புக்கு அதுதான் சரி. ஆனால் கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் தன் வீட்டுக்குள் தானே பேசிக்கொள்வது மாதிரி, பக்கத்து பாடுக்கு, அதாவது வேறு சர்வீஸ் ஓடும் பெட்டிக்கு, கேட்காது. பாடின் ஐபியைச் சூழல் மாறியிலிருந்து எடுத்து முகவரியில் போட்டேன், சரியாகிவிட்டது.

சும்மா பழைய கலெக்டரின் லாகைத் தேடிப் பார்த்தேன். முன்னிருப்பு முகவரி மாறப்போகிறது என்று ஒவ்வொரு முறை ஓடத் தொடங்கும்போதும் அது சொல்லியிருக்கிறது. ஏப்ரலிலிருந்து. அந்த மஞ்சள் வரியை நானே எத்தனையோ தடவை ஸ்க்ரோல் செய்து தாண்டிப் போயிருக்கிறேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஏஜென்ட் 2, ஸ்டேஜிங்கில் முதல் சர்வீஸ். இதுவும் உடனே உடைந்தது. முன்பு ஜிஆர்பிசி என்ற முறையில் 4317 போர்ட்டில் கலெக்டரோடு பேசியது, இப்போது சொல்லாமல் விட்டால் ஹெச்டிடிபி வழியாகப் பேசுகிறது. அதற்கான போர்ட் 4318. எங்கள் கான்ஃபிகில் 4317 என்று கையால் எழுதி வைத்திருந்ததால், ஏஜென்ட் ஒரு பாஷையில் பேச, கலெக்டர் வேறு பாஷையில் முழித்தது. புரோட்டோகால் ஜிஆர்பிசிதான் என்று ஒரு வரி சேர்த்ததும் தீர்ந்தது.

சாயங்காலம் இன்னொன்று. ஒவ்வொரு லாக் வரியும் இரண்டு முறை வந்து விழுகிறது. ஏஜென்ட் 2 லாகையும் தானாகவே அனுப்பும், நாங்கள் ஏற்கெனவே ஃப்ளூயன்ட்பிட் என்ற தனிக் கருவியில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஏஜென்ட்டின் லாக் ஏற்றுமதியை நிறுத்தினேன்.

ஆகஸ்ட் 21, புதன்

இரண்டு நாளாக ஒரு அலர்ட் கூட இல்லை. எங்கள் ஸ்டேஜிங் அவ்வளவு ஒழுங்கான பிள்ளை கிடையாது.

மதியம் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து, "அக்கா, டாஷ்போர்டு முழுக்க டேட்டா இல்லைன்னு வருது, எனக்கு பர்மிஷன் இல்லையா?" என்றான். பர்மிஷன் எல்லாம் இருக்கிறது. பெயர்தான் இல்லை. ஒரு ரிக்வெஸ்டுக்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும் ஹெச்டிடிபி சர்வர் டியூரேஷன் என்ற அளவு, ஏஜென்ட் 2-இல் ஹெச்டிடிபி சர்வர் ரிக்வெஸ்ட் டியூரேஷன் ஆகிவிட்டது. அலகும் மில்லிசெகண்டிலிருந்து செகண்டுக்குப் போய்விட்டது. ரிக்வெஸ்டின் ஒவ்வொரு கட்டத்தையும் பதியும் ஸ்பானில் வரும் மெத்தட், ஸ்டேட்டஸ் கோட், யூஆர்எல் எல்லாவற்றுக்கும் புதுப் பெயர். நான் பார்த்தவரை பழைய பெயரிலேயே இருப்பது ரூட் ஒன்றுதான்.

மாற்றியதில் நியாயம் இருக்கிறது, அதையும் எழுதி வைக்கிறேன். இந்தப் பெயர்களை 2023 நவம்பரில் இனி மாறாது என்று நிலைப்படுத்தினார்கள். அதற்கு முன்பே எலாஸ்டிக் நிறுவனத்தின் பொதுப் பெயர்முறையும் ஓப்பன்டெலிமெட்ரியுடையதும் ஒன்றுசேர முடிவாகியிருந்தது. செகண்ட் என்பது, அளவுகளைச் சேமித்து அலர்ட் அடிக்கும் பிராமீதியஸ்காரர்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லிவருவது. எல்லாம் சரி. ஆனால் இல்லாத ஒரு அளவை "800-க்கு மேல் போனால் எழுப்பு" என்று பிராமீதியஸிடம் சொன்னால் அது பிழை காட்டாது. வெறும் கையைக் காட்டும். அலர்ட் அடிக்காது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் சேர்த்து அனுப்ப ஒரு வழி இருக்கிறது, 'டூப்' என்ற அமைப்பு. அதை ஏஜென்ட் 2-இல் போட்டுவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது 1-ஆம் வரிசைக்கு மட்டும்தானாம். பழைய ஏஜென்ட்டில் இருக்கும்போதே டூப் போட்டு, டாஷ்போர்டையும் அலர்ட்டையும் மாற்றிவிட்டு, கடைசியில்தான் 2-க்குப் போக வேண்டும். நான் தலைகீழாக ஆரம்பித்திருக்கிறேன். ஸ்டேஜிங்கை 1.32-க்கே இறக்கினேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

புரொடக்‌ஷனில் (பயணிகள் நிஜமாகப் பயன்படுத்தும் இடத்தில்) டூப் போன வியாழனே போட்டாகிவிட்டது. பழைய கோடும் புதுக் கோடும் ஒரே கிராஃபில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுவதைப் பார்க்க மனசுக்கு நிம்மதி.

அலர்ட் விதிகளைத் தம்பி மாற்றினான். 41 விதிகள், அரை நாளில் முடித்துவிட்டான். பார்க்கலாம் என்று ஒன்றைத் திறந்தேன். பெயர் புதுசு, எல்லை அதே 800.

"இந்த 800 எந்த 800?" என்றேன்.

"பழசுல இருந்தது அக்கா."

"பழசுல மில்லிசெகண்ட். இப்போ இதுக்கு 800 செகண்ட்னு அர்த்தம். ஒரு சீட் புக் பண்ண பதிமூணு நிமிஷம் ஆனாத்தான் நம்மளை எழுப்பும்."

அவன் சிரித்தான். உண்மையில் பதின்மூன்று நிமிஷம் ஆனாலும் எழுப்பாது. இந்த அளவு நேர எல்லைப்படி வாளி வாளியாகப் பிரித்து எண்ணப்படுகிறது. புதுசில் கடைசி எல்லை 10 செகண்ட். அதற்கு மேல் எவ்வளவு போனாலும், விதி பார்க்கும் 95-ஆம் சதமானம் (நூறில் 95 ரிக்வெஸ்ட் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தது என்ற எண்) 10 என்றுதான் வரும். அந்த விதி எந்தக் காலத்திலும் அடித்திருக்காது. எல்லாவற்றையும் 0.8 ஆக்கினோம். கூடவே, அளவே வராமல் போனால் எழுப்பும் விதி ஒன்றை ஒவ்வொரு சர்வீஸுக்கும் சேர்த்தோம். இது முதல் நாளே இருந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 4, புதன்

இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒரு மெதுவான ரிக்வெஸ்டின் டிரேஸை, அதாவது அதன் ஸ்பான்களை எல்லாம் கோத்த பதிவை, திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பானில், யூஆர்எல் பதிவாகும் பழைய 'டார்கெட்' புலத்தில், மொபைல் எண் இருக்க வேண்டிய இடத்தில் பத்து நட்சத்திரம். கலெக்டரில் அப்படி மறைக்கச் சொல்லி வைத்திருக்கிறோம். நாலு வரி கீழே, யூஆர்எல் குவெரி என்ற புதுப் புலத்தில், அதே எண். முழுசாக. ஒரு பயணியுடையது.

மறைக்கிற விதி பழைய பெயரைத்தான் தேடுகிறது. டூப் போட்ட நிமிஷத்திலிருந்து அதே தகவல் வேறு பெயரில் பக்கத்திலேயே திறந்து கிடந்திருக்கிறது. எதுவும் உடையக் கூடாது என்று எடுத்த வழியில்தான் இது வெளியே வந்தது. மொபைல் எண்ணை யூஆர்எல்லில் அனுப்புவதே தப்பு, அது எனக்கு முந்தைய கதை. ஆனால் டூப் போட்டது நான்.

உடனே கலெக்டரில் குவெரிக்கும், வெளியே போகும் அழைப்புகளின் முழு யூஆர்எல்லுக்கும் மறைக்கும் விதி போட்டேன். பாதுகாப்பு டீமுக்கு அவர்கள் கேட்பதற்கு முன் நானே எழுதினேன். ஆகஸ்ட் 22-இலிருந்து இன்று வரை சேர்ந்ததில் சேமிப்பில் இருக்கும் டிரேஸ்களை எல்லாம் அழித்தோம். எங்கள் டிரேஸ் சேமிப்பு ஏழு நாள்தான் வைத்திருக்கும், அதனால் பாதி தானாகவே போயிருந்தது. பார்த்திருக்கக்கூடியவர்கள் எங்கள் ஆட்கள் மட்டும்தான் என்பதை ஆறுதலாகச் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை.

பயத்தில் கலெக்டர் கான்ஃபிகை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். சாம்பிளிங் பகுதியில் இன்னொன்று காத்திருந்தது. எல்லா டிரேஸையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. ஸ்டேட்டஸ் கோட் 500-இலிருந்து 599 வரை இருந்தால் கட்டாயம் வை, மற்றவற்றில் பத்தில் ஒன்றை வை என்று விதி. அதிலும் பழைய பெயர். இப்போது டூப் இருப்பதால் பிழைக்கிறது. ஏஜென்ட் 2 போயிருந்தால், பிழை வந்த டிரேஸ்களில் பத்தில் ஒன்பது குப்பைக்குப் போயிருக்கும். டாஷ்போர்டில் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஏன் என்று திறந்து பார்க்கத்தான் ஒன்றும் இருக்காது.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை. லேப்டாப் மூடியே இருந்தது.

செப்டம்பர் 11, புதன்

புரொடக்‌ஷனில் மூன்று சர்வீஸ் ஏஜென்ட் 2-க்குப் போயின. போவதற்கு முன், கோட், கான்ஃபிக், டாஷ்போர்டு, அலர்ட் எல்லா ரெப்போவிலும் பழைய பெயர்களைத் தேடினேன். யாரோ எப்போதோ எழுதிய வாராந்திர ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் ஒன்று மாட்டியது.

பேமென்ட் டீமிலிருந்து மட்டும் ஒரு புகார்: டிரேஸில் கன்ட்ரோலர் (ரிக்வெஸ்டைக் கையாளும் கோட் பகுதி) பெயரைக் காணோம். ஏஜென்ட் 2-இல் கன்ட்ரோலர் ஸ்பான் தானாக வராது, வேண்டுமென்றால் திறந்துகொள்ள வேண்டும். இரண்டு நாள் இல்லாமல் பாருங்கள், தேவைப்பட்டால் திறக்கிறேன் என்றேன். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

23-உம் முடிந்தது. டூப்புக்காகப் போட்ட வரியை எல்லா இடத்திலும் எடுத்தாகிவிட்டது.

நேற்று ராத்திரி 11:40-க்கு போன் அடித்தது. 0.8 எல்லை, அளவு 1.2. பேமென்ட் பக்கம் உண்மையிலேயே மெதுவாகியிருந்தது, பத்து நிமிஷத்தில் தானாகச் சரியானது. தூக்கம் போனதுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

இன்று பாக்கி இருந்தது ஒரே ஒரு டாஷ்போர்டு. எல்லா கட்டமும் காலி, கடைசியாகத் திருத்தியது 2022-இல். யாருக்காவது வேணுமா என்று குரூப்பில் காலையிலேயே கேட்டேன். சாயங்காலம் வரை பதில் இல்லை. அழித்துவிட்டேன்.