சித்தப்பா வாங்கிவந்த ஐந்து ரூபாய்

போன வாரம் கடைக்கு வந்த சித்தப்பா, சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பழைய கனமான ஐந்து ரூபாய். சந்தையில் 800 ரூபாய் கொடுத்து வாங்கினாராம். "பார் கண்ணு, சிங்கத்தின் மேலேயே 5 திரும்பி விழுந்திருக்கிறது. லட்சத்துக்குப் போகுமாம்."

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். அச்சுப்பிழை விழுந்த காசுகளைத் தேடிச் சேர்க்கும் ஆசை, இரவில் கல்லாவைக் கொட்டிச் சில்லறை எண்ணும்போது தொற்றியது. லென்ஸை எடுத்ததுமே எனக்கு வயிறு எரிந்தது.

நாணயச்சாலையில் இப்படி ஒரு பிழை நடப்பது உண்மைதான். அடித்த காசு வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வெற்றுத் தகட்டில் அந்தக் காசின் முகம் பள்ளமாக, இடம் வலம் மாறிப் பதியும். நடுவில் காசு மறித்துக்கொள்வதால் அந்தப் பக்கத்துக்கு உரிய அச்சு தகட்டைத் தொடாது. மறுபக்கம் மட்டும் வழக்கம்போல் தெளிவாக விழும்.

சித்தப்பாவின் காசில் சிங்கமுகம் முழுதாக இருந்தது, அதன்மேல் 5 பள்ளமாக அழுந்தியிருந்தது. திருப்பினால், அதற்கு நேர் பின்னே பூவேலைப்பாடு மழுங்கிக் கிடந்தது. யாரோ இரண்டு காசுகளைச் சேர்த்து வைஸில் இறுக்கியிருக்கிறார்கள்.

அவர் நம்பவில்லை. நகைக்கடையில் எடை போட்டு வந்தார்: சரியாக 9 கிராம். ஆனால் இறுக்கினால் உலோகம் நசுங்குமே தவிர, குறையாது. அமிலத்தில் போட்டதையும் அரத்தால் ராவியதையும்தான் தராசு காட்டிக்கொடுக்கும். சிறுவயதில் தருமபுரி அத்தை வீட்டுக்குப் போனால் தண்டவாளத்தில் காசு வைப்போம். ரயில் ஏறி நசுங்கிய அந்தத் தட்டைக் காசுகளைக்கூட இன்று பிழைக்காசு என்று விலை சொல்லி விற்கிறார்கள்.

என்னிடம் ஒரு ரூபாய் எஃகுக் காசு ஒன்று இருக்கிறது. ஆண்டுக்குக் கீழே ஹைதராபாத் நாணயச்சாலையின் அடையாளமான நட்சத்திரம், ஆண்டின் குறுக்கே மயிரிழைபோல் ஒரு கோடு. நகத்தால் தடவினால் மேடாகத் தட்டுப்படும். அச்சில் விரிசல் விழுந்தால் உலோகம் அதற்குள் புகுந்து இப்படித்தான் எழும்பி நிற்கும். வெளியே பட்ட கீறல் என்றால் பள்ளமாகத்தான் இருக்கும். பெரிய விலை போகாது. ஆனாலும் நாணயச்சாலையிலிருந்து அப்படியே வந்த காசு, எனக்கு அதுதான் உயர்வு.

சித்தப்பா அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, நகத்தால் இரண்டு முறை தடவினார். பிறகு பொட்டலத்தை மடித்துவைத்துவிட்டு, கல்லாவிலிருந்த ஒரு ரூபாய்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார்.