மையிட்ட விரலோடு பெரிய வியாழன்

2019 மக்களவைத் தேர்தலில் வேலூர் நீங்கலாகத் தமிழ்நாடு முழுவதும் ஏப்ரல் 18 அன்று வாக்குப்பதிவு. அன்று பெரிய வியாழன், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் நாள். தேதியை மாற்றும்படி கிறிஸ்தவ அமைப்புகள் கேட்டுப் பார்த்தன, மாறவில்லை. மதுரையில் சித்திரைத் தேரோட்டமும் அதே நாளில் வந்ததால், அங்கு மட்டும் வாக்குப்பதிவு நேரத்தை இரண்டு மணி நேரம் நீட்டித்துக் கொடுத்தார்கள். ஈஸ்டர் என்னும் உயிர்ப்புப் பெருவிழா நிலவைப் பார்த்துக் குறிக்கப்படுவது என்பதால் சித்திரா பௌர்ணமியும் அதற்கு முந்தைய புனித வாரமும் உரசிக்கொள்வது புதிதல்ல. தேர்தல் ஆணையத்துக்குத்தான் நிலவோடு பழக்கமில்லை.

எனக்கு வேலை பெங்களூரில், வாக்கு கிருஷ்ணகிரியில். ஓசூரிலிருந்து நின்றுகொண்டே வந்த பஸ்ஸில் பாதிப் பேர் வாக்களிக்கப் போகிறவர்கள், மீதிப் பேர் புனித வாரத்துக்கு ஊர் போகிறவர்கள், சிலர் இரண்டுக்கும். வாக்களித்துவிட்டு, மாலையில் பாத்திமா அன்னை ஆலயத்துக்குப் போனேன். வாக்குப்பதிவு ஆறு மணி வரை என்பதால் பூசையைத் தாமதமாகத்தான் வைத்திருந்தார்கள். அப்படியும் சித்தப்பா வந்து சேரவில்லை. அன்று பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர். பங்கின் குடும்பங்களைப் பகுதிவாரியாகப் பிரித்த குழுவான அன்பியம் ஒவ்வொன்றிலிருந்தும் ஆள் தேர்ந்தெடுத்தபோது எங்கள் அன்பியத்துக்கு அவர் பெயர் விழுந்திருந்தது. ஆனால் அவர் பூத் ஏஜென்ட் ஆயிற்றே. இயந்திரத்துக்கு முத்திரை வைக்காமல் எழுந்து வர மாட்டார்.

'வானவர் கீதம்' பாடி மணிகளை அடித்து ஓய்ந்த நேரத்தில் வந்தார். அதற்குப் பிறகு சனி இரவுவரை கோவில் மணி அடிக்காது, மரக்கட்டைச் சத்தம்தான். சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. படிவம் 17-சி. அந்தப் பூத்தில் பதிவான வாக்குகளின் கணக்கு. அதை எடுத்து வைக்கக்கூட நேரமில்லாமல் பீடத்தின் முன்னால் போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் எதிர்க்கட்சியின் பூத் ஏஜென்ட். வேறு அன்பியத்துப் பையன், சித்தப்பாவை 'மாமா' என்று கூப்பிடுகிற முறை. மதியம் ஒரு மூதாட்டியின் அடையாள அட்டையைப் பற்றி இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றி, வாக்குச்சாவடி அலுவலர் தலையிட்டுத்தான் அடங்கியது என்று எனக்கு முன்பே செய்தி வந்திருந்தது.

பங்குச் சாமியார் மேலுடையைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முழங்காலிட்டார். சித்தப்பாவின் பாதம் தோட்டக்காரரின் பாதம். குதிகாலில் வெடிப்பு, வெடிப்புக்குள் செம்மண், பெருவிரல் நகம் கறுத்து ஒருபக்கம் தூக்கியிருக்கும். நீரை ஊற்றியதும் தாம்பாளத்தில் சிவந்த வண்டல் இறங்கியது. சாமியார் வெடிப்பைக் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்துவிட்டு, துண்டால் ஒற்றி, குனிந்து முத்தமிட்டார். அதே தாம்பாளம் நகர்ந்து அந்தப் பையனின் பாதத்துக்குக் கீழே போயிற்று. தண்ணீரை மாற்றவில்லை.

பன்னிரண்டு திருத்தூதர்களில் உரோமைக்கு வரி வசூலித்த மத்தேயுவும் இருந்தார். உரோமையை விரட்டத் துடித்த கூட்டத்தின் பெயரைத் தாங்கிய சீமோனும் இருந்தார். பிரசங்கத்தில் சாமியார் இதைச் சொல்லவில்லை. யூதாசின் காலையும் ஆண்டவர் கழுவினார் என்பதோடு முடித்துக்கொண்டார். 'யாருக்குப் போடச் சொல்கிறார்' என்று முந்தைய ஞாயிறுகளில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றும் ஏமாற்றம்தான்.

அந்த இருவரும் பூசைக்குப் பின் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. சமாதானம் பகிரும் நேரத்தில் எல்லோருக்கும் போல ஒருவருக்கொருவர் கைகூப்பினார்கள். வெளியே வந்ததும் அவரவர் ஆட்களோடு நின்று வாக்குச் சதவீதம் பேசினார்கள். இதில் எனக்குக் குறையும் தெரியவில்லை. கருத்து வேறுபாடு பாவமல்ல. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போக வேண்டிய காரியமும் அல்ல.

நற்கருணை அப்பத்தை வேறொரு பீடத்துக்குக் கொண்டுசெல்லும் இடமாற்றப் பவனி முடிந்து, பீடத் துணிகளை எல்லாம் களைந்த பிறகு நள்ளிரவுவரை ஆராதனை. அன்பியங்கள் முறை வைத்து விழித்திருப்பார்கள். எங்கள் முறை வந்தபோது எனக்கு ஃபிரான்ஸ் யேகர்ஸ்டாட்டரின் நினைவு வந்தது. ஆஸ்திரியாவின் சங்க்ட் ராடேகுண்ட் என்ற சிற்றூரில் விவசாயி. கோவிலைப் பராமரிக்கும் சக்ரீஸ்து வேலையும் பார்த்தவர். 1938 ஏப்ரல் 10 அன்று, ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைந்ததற்கு மக்களின் ஒப்புதல் கேட்டு ஹிட்லர் வாக்கெடுப்பு நடத்தியபோது, அந்த ஊரில் 'இல்லை' என்று வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். பிறகு 1943இல் படைக்கு அழைத்தார்கள். இந்தப் போர் அநீதியானது, ஆயுதம் ஏந்த மாட்டேன் என்றார். மனைவி பிரான்சிஸ்காவும் மூன்று பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள், அவர்களை எண்ணிப் பார் என்றார்கள் ஊரார். ஆயரும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார். அந்த ஆகஸ்ட் 9 அன்று தலையை வெட்டினார்கள். 2007இல் லின்ஸ் நகரில் அவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் வழங்கியபோது, தொண்ணூறு வயதைத் தாண்டிய பிரான்சிஸ்கா அங்கே உட்கார்ந்திருந்தார்.

மனசாட்சி என்பது மனிதனின் மிக அந்தரங்கமான கருவறை, அங்கே அவன் கடவுளோடு தனித்திருக்கிறான் என்கிறது 1965இல் நிறைவுற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம். வாக்குச்சாவடியின் அட்டை மறைப்புக்குப் பின்னால் நான் நின்றது சில நொடிதான். அங்கே கடவுளோடு தனித்திருந்தேனா, வாட்ஸ்அப்பில் வந்த காணொளிகளோடு நின்றேனா என்று ஆராதனையில் உட்கார்ந்து யோசித்தேன். பதிலை எழுதப் போவதில்லை, வாக்கு இரகசியமானது.

மறுநாள் பெரிய வெள்ளி. கிருஷ்ணகிரியில் லூத்தரன் சபையாரின் மும்மணி நேர ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள் பற்றிய பிரசங்கங்களில் இரண்டைப் பின்வரிசையில் இருந்து கேட்டேன். கத்தோலிக்கனுக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. இந்தச் சபை கிருஷ்ணகிரிக்கு வந்த கதையே மனசாட்சியின் கதைதான். தியோடர் நேதரும் பிரான்ஸ் மோனும் முதலில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் என்ற லூத்தரன் மிஷனைச் சேர்ந்தவர்கள். வேதாகமம் முழுவதும் பிழையற்ற இறைவார்த்தையா என்ற விவாதத்தில் விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அந்த மிஷனை விட்டு நீங்கினார்கள். பின்னர் அமெரிக்காவின் மிசூரி சினட் என்ற லூத்தரன் திருச்சபை அனுப்பி, 1895இல் கிருஷ்ணகிரியில் பணியைத் தொடங்கினார்கள். நேதர் 1904இல் பிளேக் நோய்க்குப் பலியானார். இன்றைய இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபைக்கு வித்து அதுதான்.

அவர்கள் வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. மனசாட்சி ஒன்றுசேர்க்கும் என்றும் நான் நம்பவில்லை; பல நேரம் அது பிரிக்கத்தான் செய்கிறது, ஏற்கெனவே இருந்த லூத்தரன் மிஷன்களோடு இன்னொன்றைக் கூட்டியதுபோல. ஆனால் பிரிந்ததற்கான விலையை அவர்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். யேகர்ஸ்டாட்டரும் அப்படித்தான். பகைமை வேறு வகை; கொள்கை தன்னுடையது, விலை மட்டும் அடுத்தவன் வீட்டுக் கூரை. 2012 நவம்பரில் ஒரு காதல் திருமணத்தைச் சாக்கிட்டு, தருமபுரிக்குப் பக்கத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளிலும் வீடுகளைக் கொளுத்தினார்களே, அதைச் செய்தவர்களும் தங்களிடம் நியாயம் இருப்பதாகத்தான் பேசினார்கள்.

மத்தியானத்துக்கு மேல் சித்தப்பாவும் நானும் தருமபுரிக்குப் பஸ் ஏறினோம். மகள் அங்கே இருப்பதால் பெரிய வெள்ளிக்குப் பேராலயம் போவது அவர் வழக்கம். காவேரிப்பட்டணம் தாண்டும்வரை சாலையின் இருபுறமும் பெங்களூரா மாங்காய், பச்சையாக, கொத்துக் கொத்தாய். சித்தப்பா காய்ப்பைக் கண்ணாலேயே எடைபோட்டுக்கொண்டு வந்தார். காரிமங்கலம் அருகே பின் இருக்கைக்காரர் யாரிடமோ, "கோவிலில் அரசியல் பேசக் கூடாது" என்று தீர்ப்பு வழங்கினார். எனக்குச் சுருக்கென்றது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிகளுக்கான உரிமைகளை இந்துக்களுக்கு என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அது விரிந்தது. தலித் கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. ஞானஸ்நானம் வாங்கியதற்காகச் சாதி போய்விட்டதாக அரசு சொல்கிறது. கல்லறைத் தோட்டத்தில் பிரித்துப் புதைக்கும் ஊர்க்காரர்கள் போகவில்லை என்கிறார்கள். இதைக் கோவிலில் பேசாமல் எங்கே பேசுவது? கட்சிக்கு வாக்குக் கேட்பது வேறு, அநீதியைப் பெயர் சொல்லி அழைப்பது வேறு. இந்த வேறுபாடு தெரிந்துகொண்டே தெரியாததுபோல் நடிப்பவர்கள்தான் அந்தத் தீர்ப்பை அடிக்கடி வழங்குகிறார்கள்.

தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களும் அதற்குள் அடக்கம். தூய இருதய ஆண்டவர் பேராலயத்தில் அன்று நிற்க இடமில்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்தவர்கள் முந்தின நாள் இரண்டு வாக்குப் போட்டவர்கள். அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் சட்டமன்ற இடைத்தேர்தல் சேர்ந்து நடந்தது.

யோவான் எழுதிய இயேசுவின் பாடுகளை மூவர் வாசிக்க, கூட்டத்தின் குரல் நம்முடையது. "ஒழிக! ஒழிக! அவனைச் சிலுவையில் அறையும்." இரண்டு வாரமாகத் தெருத்தெருவாகக் கேட்ட கோஷம், பழகிய தொண்டைகள், தயக்கமில்லாமல் வந்தது. சித்தப்பாவின் குரல் என் காதருகில் கணீரென்று கேட்டது. அடுத்து வருவதைச் சொல்பவர்கள் கூட்டத்தினர்கூட அல்ல, தலைமைக் குருக்கள்: "எங்களுக்குச் சீசரைத் தவிர வேறு அரசர் இல்லை." ஆலயத்தையே கட்டிக் காத்தவர்கள், காரியம் ஆக வேண்டும் என்றதும் சொன்னது இது. தங்கள் தலைவரைக் குறை சொன்னால் முகம் சிவக்கிற, ஆண்டவரைக் குறை சொன்னால் சிரித்துக் கடக்கிற நல்ல கிறிஸ்தவர்கள் எல்லாக் கட்சியிலும் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

பிறகு பொது மன்றாட்டுகள். பத்து உண்டு. திருச்சபைக்கு, திருத்தந்தைக்கு என்று தொடங்கி, யூத மக்களுக்கு, கிறிஸ்துவை நம்பாதவர்களுக்கு, கடவுளையே நம்பாதவர்களுக்கு என்று போகும். ஒன்பதாவது, நாட்டை ஆள்வோருக்காக. ஒவ்வொன்றுக்கும் முழங்காலிட்டு, மௌனமாக மன்றாடி, எழ வேண்டும். அடுத்து ஆளப்போகிறவர் யார் என்பதே அன்றைக்குத் தெரியாது. வாக்கு எண்ணிக்கை மே 23. இயந்திரங்களுக்குள் பூட்டிக் கிடக்கும் ஒரு முடிவுக்காகக் கோவில் நிறைய ஆட்கள் முழங்காலில் இருந்தார்கள். சித்தப்பாவுக்கு மூட்டுவலி, எட்டாவது மன்றாட்டிலிருந்தே நின்றுகொண்டிருந்தார். ஒன்பதாவதுக்கு மட்டும் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

சிலுவை ஆராதனைக்கு வரிசை நீளமாக இருந்தது. வெளியே வர இருட்டிவிட்டது. பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது சித்தப்பா கேட்டார்:

"ஏன் தம்பி, அவர்கள் ஆள் ஜெயித்து வந்தாலும் இதே மன்றாட்டுதானா?"

"இதேதான் சித்தப்பா. அடுத்த பெரிய வெள்ளிக்கும் இதே வார்த்தைகள்தான்."

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். "சரி. மன்றாடுகிறேன். ஆனால் மன்றாட்டு ஆண்டவருக்கு, மனு அவனுக்கு. மாங்காய்க்குக் கட்டுபடியான விலை கேட்டு முதல் மனு என்னுடையதாகத்தான் போகும். எங்கள் ஆள் வந்தாலும் போகும், எழுதி வைத்துக்கொள்."

கிருஷ்ணகிரி பஸ் புறப்படத் தயாராக நின்றது. சித்தப்பா, மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சாலையைக் கடந்தார்.