வீட்டு மேசையில் ஒரு யூ.எஸ்.பி. புரோகிராமர்

கல்லடியில் எங்கள் வீட்டு மேசையில் மூன்று மாலைகள் குனிந்திருந்து, நுண்கட்டுப்படுத்திகளுக்கு (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சிப்புகளுக்கு) நிரல் ஏற்றும் யூ.எஸ்.பி. புரோகிராமர் ஒன்றை நேற்றிரவு செய்து முடித்தேன். தோமஸ் பிஷ்ல் திறந்த உரிமத்தில் வெளியிட்ட யூ.எஸ்.பி.ஏ.எஸ்.பி. வடிவமைப்பையே பின்பற்றினேன். அதிலுள்ள ஏ.டி.மெகா 8 சிப்புக்குள் யூ.எஸ்.பி. வன்பொருளே கிடையாது, சீரான துடிப்பைத் தரும் 12 மெகாஹேர்ட்ஸ் பளிங்கைக்கொண்டு, விநாடிக்கு 15 இலட்சம் பிட் வேகத்தில் வரும் தரவை மென்பொருளே படித்தெடுப்பது எனக்கு இன்னும் பெருவியப்பாக இருக்கிறது.

முதல் இரண்டு நாளும் கணினி அதனை அடையாளம் காணவேயில்லை. தரவுக் கம்பிகளின் அழுத்தத்தை 3.6 வோல்ற்றுக்குள் அடக்குவதற்கு, கையிலிருந்த 1 வாற்று செனர் இருவாயிகளைப் பொருத்தியிருந்தேன். அவற்றின் கொள்ளளவம் (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் திறன்) கூடுதலாகையால் சமிக்ஞையின் கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிடுகின்றன என்பது பிறகுதான் விளங்கியது. பற்றாசை உருக்கி அவற்றைக் கழற்றி, அரிசிமணி அளவே இருக்கும் கண்ணாடி உறையிட்ட அரை வாற்று செனர்களை வைத்ததும், செருகிய கணமே கணினி அடையாளம் கண்டுகொண்டது.

புரோகிராமரிலுள்ள, நிரல் ஏதுமற்ற வெறும் சிப்பில் முதல் நிரலை ஏற்றுவதற்கு இன்னொரு புரோகிராமர் தேவை என்பதால், நண்பரின் ஆர்டுயினோ ஊனோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையை அதற்காக இரவல் வாங்கினேன். வெளிப் பளிங்கைத் தெரிவுசெய்யும் ஃபியூஸ் பிட்டுகளை (சிப்பின் அடிப்படை அமைப்புகளைத் தீர்மானிப்பவை) எழுதும்போது மிகுந்த கவனம் வேண்டும். சிப்பை மீளத் தொடக்கும் ரீசெட் முனையைத் தவறுதலாக முடக்கிவிட்டால், இந்த வழியில் அந்தச் சிப்புக்கு மீண்டும் நிரல் ஏற்ற இயலாது.

மட்டக்களப்பில் இதனைச் செய்துபார்க்க விரும்பும் தம்பி தங்கைகளின் முதல் சிப்புக்கு நானே நிரல் ஏற்றித் தருகிறேன்.