வெள்ளிக்கிழமை மட்டும் வராத தலையிடி

"வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனா மட்டும் அம்மாக்குத் தலையிடி இல்லை, தம்பி. மற்ற நாளெல்லாம் பின்னேரமானா நெத்தியைப் பிடிச்சுக்கொண்டு இருப்பா."

அந்த வீட்டு அக்கா இதைச் சொன்னபோது, காஸ் சோதனைக்குப் போன நான் வீட்டைச் சூடாக்கும் பொயிலரின் முன்மூடியைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தேன். நாலு திருகாணியில் மூன்றாவதில் கை இருந்தது. "அம்மன் பாக்கிறா, அக்கா" என்றேன். கதிரையில் இருந்த அவவின் அம்மாவும் சிரித்தார். நாலாவது திருகாணியையும் இறுக்கிவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வருஷம் ஆகப்போகிறது. லண்டன் ஹரோவில் அந்த வீதியைத் தாண்டி வான் ஓட்டும் போதெல்லாம் இந்த வசனம் அதே குரலில் கேட்கிறது. காஸ் சரியாக எரியாதபோது வரும் நஞ்சு வாயுவான கார்பன் மொனொக்சைட் பற்றி எங்களுக்குப் படிப்பிக்கும்போது முதலில் சொல்லித்தருவதே இந்தக் கேள்வியைத்தான்: வீட்டுக்குள் இருக்கும்போது தலையிடியா, வெளியே போனால் சுகமா? நான் கேட்காமலே அக்கா பதிலைக் கையில் தந்தா. நான் அதை அம்மன் பெயரில் முடித்துவைத்தேன்.

எனக்குச் சார்பாகச் சொல்ல நிறைய இருக்கிறது. சுவாலை நீலமாக இருந்தது. மஞ்சள் சுவாலை ஆபத்து, நீலம் நல்லது என்று எங்கள் சனம் எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும்; அது பிழையில்லை, ஆனால் பாதிதான். பேர்னர் துப்புரவாக, சுவாலை அடியில் இறுக்கமாக, ஆடாமல் நின்றது. மூடியில் கரியும் இல்லை, பழுப்புக் கறையும் இல்லை. எரிந்த புகையை அளக்கும் அனலைசர் காட்டிய கார்பன் மொனொக்சைட் விகிதம் வரம்புக்கு நன்றாகக் கீழே இருந்தது. காஸ் அழுத்தம் சரி. சுவரில் இந்த வாயுவுக்கான அலாம் இருந்தது. 2022 ஒக்ரோபரிலிருந்து இங்கிலாந்தில் பொயிலர் உள்ள வாடகை வீட்டுக்கு வீட்டுக்காரர் அதைப் பூட்டித்தான் ஆகவேண்டும். பொத்தானை அழுத்திப் பார்த்தேன், கத்தியது.

ஆனால் அது பழைய மாதிரிப் பொயிலர். எரிவதற்கான காற்றைக் குசினியிலிருந்தே எடுக்கும். எரிந்து முடிந்த புகையைச் சிம்னி வழியாக மேலே விடும். இப்போது வருபவை காற்றையும் வெளியிலிருந்தே எடுத்துக்கொள்ளும், அறையோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. பழையவற்றில் புகை மேலே போகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. கதவு யன்னல் எல்லாம் சாத்தி, வீட்டில் காற்றை உறிஞ்சும் ஃபான் எது இருந்தாலும் அதைப் போட்டு, பொயிலரைச் சூடாக ஓடவிட்டு, புகைக்குச்சியைக் கொளுத்திப் புகைவாயின் விளிம்பில் பிடிக்கவேண்டும். புகை உள்ளே இழுபட்டால் சரி. முகத்துக்குத் திரும்பி வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

அந்தச் சோதனையைச் செய்தேன். புகை உள்ளே இழுபட்டது, அது கண்ணுக்குள் நிற்கிறது. படிவத்தில் அந்தப் பெட்டிக்குள் என் சரி அடையாளமும் இருக்கிறது. ஃபானைப் போட்டேனா என்பதுதான் தெரியவில்லை.

நான் உள்ளே வந்தபோது அடுப்புக்கு மேலே ஃபான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். "சத்தத்திலை நீங்கள் கதைக்கிறது கேக்குதில்லை" என்று அக்காதான் அதை நிற்பாட்டினா. புதுசு, பெரிசு, விளிம்பில் நீலப் பொலித்தீன் இன்னும் உரிக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவும் ஞாபகத்தில் இருக்கிறது. கதவைச் சாத்தியது இருக்கிறது. குச்சியின் மணம் இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. சோதனைக்குப் போட்டுவிட்டுப் பிறகு நானே நிற்பாட்டியிருக்கலாம், வழக்கமாக அப்படித்தான் செய்வேன். இப்படி எனக்கு நானே சொல்லும்போது பாதி நாள் நம்புகிறேன்.

பதினோராம் நாள் பின்னேரம் அக்கா எடுத்தா. அலாம் கத்துகிறது, யன்னலைத் திறந்ததும் நின்றுவிட்டது, என்ன செய்ய என்று கேட்டா. எல்லாரையும் வெளியே கூட்டிப் போங்கோ, பொயிலரை நிற்பாட்டுங்கோ, காஸ் அவசர இலக்கம் 0800 111 999க்கு அடியுங்கோ என்றேன். அவசரப் பிரிவினர் வந்து பொயிலரைத் துண்டித்துச் சிவப்பு லேபல் ஒட்டினார்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், இரத்தம் எடுத்து, ஒக்சிசன் கொடுத்து, அடுத்தநாள் வீட்டுக்கு விட்டார்கள்.

அப்படியானால் முந்திய நாட்களில் அலாம் ஏன் பேசாமல் இருந்தது? இதை எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியிருப்பேன். காற்றில் இந்த வாயு பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால், அது கத்த 60 முதல் 90 நிமிஷம் எடுக்கும். 30 பங்கென்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர் கத்தவே கூடாது என்பதுதான் விதி. 300 ஆனால் மூன்று நிமிஷத்துக்குள் கத்தும். அது சாவைத் தடுக்கச் செய்த பெட்டி. பின்னேரம் பின்னேரமாக ஒரு வயதான மனுசிக்கு வரும் தலையிடி அதன் கணக்குக்குள் வராது. இரத்தத்தில் ஒக்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும் வாயு இது. நல்ல காற்றில் இருந்தால் நாலைந்து மணித்தியாலத்துக்கொருமுறை பாதியாகக் குறையும். காலையில் எழும்பும்போது அம்மாவுக்குச் சுகம். வெள்ளி பின்னேரம் ஈலிங் அம்மன் கோயிலில் நிற்கும்போதும் சுகம்.

விசாரிக்க ஏஜென்சி என்னைத்தான் திரும்ப அனுப்பியது. அவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தி, பொயிலரை ஓடவிட்டுக் குச்சியைப் பிடித்தேன். வெள்ளைப் புகை சுருண்டு உள்ளே போனது. கையை எட்டி ஃபானைப் போட்டேன். புகை ஒரு கணம் விளிம்பில் தயங்கியது. பிறகு திரும்பி என் மணிக்கட்டு மேலாக அடுப்புப் பக்கம் போனது. சிம்னியை விட ஃபானுக்குப் பலம் கூட. வெளியே போகவேண்டிய புகையைப் பொயிலர் திரும்பத் திரும்பக் குடித்திருக்கிறது. ஒக்சிசன் குறையக் குறைய நீலச் சுவாலையும் நஞ்சு கக்கும். பொரிக்கிற மணம் வீட்டுக்குள் போகாமல் இருக்க அம்மா குசினிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் சமைப்பாராம். ஹீற்றிங் நாலு மணிக்குத் தானாகத் தொடங்கும்.

நான் முதல் வந்த அன்றைக்குத் தண்ணி வழிந்துகொண்டிருந்த யன்னலும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. சோறு வெந்த ஆவி என்று நினைத்தேன். காஸ் எரிந்தால் தண்ணியும் வரும் என்பது எனக்குத் தெரியாததா?

வெளியே வந்ததும் அக்கா கேட்டா: "தம்பி, நீங்கள் வந்த நாளும் இது இப்பிடித்தான் இருந்ததோ?"

"அண்டைக்குப் புகை சரியா மேலை போனது, அக்கா."

பொய் இல்லை. ஃபான் போட்டுப் பார்த்தீர்களா என்று அவ கேட்கவில்லை. கேட்கத் தெரியாத ஒருவருக்கு, கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொன்னேன். புது ஃபான்தான் காரணம் என்று அறிக்கையில் எழுதினேன். அதுவும் உண்மை. வீட்டுக்காரர் அதைப் பூட்டும்போது பொயிலரைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. ஏஜென்சி எனக்குத் தருவது ஒரு வீட்டுக்கு நாற்பது நிமிஷம். இவை எல்லாம் உண்மைதான், ஒன்றையும் நான் சோடிக்கவில்லை. ஆனால் அந்த ஃபானை நான் கண்டேன். பொலித்தீன் ஒட்டியிருந்ததைக் கூடக் கண்டேன்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் ஆட்களைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறேன். தலையிடி, தலைச்சுற்று, சத்தி வருமாப்போல இருக்கிறதா, வெளியே போனால் மாறுகிறதா? சிலருக்குப் பிடிப்பதில்லை. "நீங்கள் காஸ் பாக்க வந்தனீங்களோ, வருத்தம் பாக்க வந்தனீங்களோ?" என்று ஒரு ஐயா கேட்டார். ஃபானைப் போட்டுவிட்டு அது ஓடும் சத்தத்தோடு புகைக்குச்சியைப் போனில் படம் எடுத்து வைக்கிறேன். அது அந்த வீட்டு ஆட்களுக்காகவா, எனக்காகவா என்று நினைத்துப் பார்த்தால், எனக்காகத்தான் கூட என்று படுகிறது.

அந்த வீட்டில் இப்போது புதுப் பொயிலர், அறைக் காற்றை எடுக்காதது. வருஷச் சோதனை அடுத்த மாதம். போன தரம் வந்த தம்பியையே அனுப்புங்கோ, அம்மாவைக் காப்பாற்றின பிள்ளை என்று அக்கா ஏஜென்சியிடம் கேட்டாவாம். நான் இன்னும் நாள் கொடுக்கவில்லை.